பிஎச்க்யூ-9ல் 16 வந்திருக்கிறது, என்ன செய்வது?

மழைத்தூறல்:
நேற்று இரவு தூக்கம் வராமல், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்க்யூ-9 கேள்விகளுக்குப் பதில் போட்டுப் பார்த்தேன், 27க்கு 16 வந்தது. அப்படியென்றால் எனக்கு மனச்சோர்வு நோய் உறுதியா? வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

வேம்பு_72:
உறுதி இல்லைங்க. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, அதுவும் கடந்த 2 வாரத்தை மட்டும் வைத்துக் கேட்பது. 10 வந்தாலே டாக்டரைப் பார்ப்பது நல்லது, 16 என்றால் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் சோர்வும் தூக்கக் கோளாறும் தைராய்டு குறைவிலும் இரத்தசோகையிலும்கூட வரும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

கடலோரம்:
மொத்தம் இருக்கட்டும், 9வது கேள்விக்கு என்ன போட்டீர்கள்? செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றியது அது. அங்கே 1 போட்டிருந்தாலும் இன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மழைத்தூறல்:
அதற்கு 0தான் அண்ணா. ஆனால் டாக்டர் முன்னால் எனக்கு வாயே வராது.

வேம்பு_72:
சரி, அப்போ போட்ட பதில்களை அப்படியே ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், மிச்சத்தை அவர் கேட்பார். போய்விட்டு வந்து இங்கே ஒரு வரி போடுங்க, காத்திருப்பேன்.