நித்திரையில் இருக்கும்போது முடிந்த ட்ரேட்: உங்கள் லீக்கிலும் நடந்திருக்கிறதா?

வெள்ளவத்தைக்காரன்:

எங்கள் ஃபேன்டஸி கூடைப்பந்து லீக்கில் பன்னிரண்டு பேர். அமெரிக்க NBA வீரர்களை ஆளுக்காள் பிரித்தெடுத்து அணி வைத்திருக்கிறோம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பதுதான் எங்கள் கணக்கு, வீரர்களை எங்களுக்குள் மாற்றிக்கொள்வதுதான் ட்ரேட். ஏழு பேர் கொழும்பு, மூன்று பேர் டொராண்டோ, இரண்டு பேர் லண்டன். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்து ஆக்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய மச்சான்மார். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் என்று ஒன்பது கேட்டகரியில் கணக்கு, வாரத்துக்கு ஒருவரோடு மோதல். வெல்கிறவன் காலி வீதியில் கொத்து வாங்கிக் கொடுக்க வேண்டும், வெளிநாட்டுக்காரருக்குப் படம் மட்டும் போகும்.

2025 பெப்ரவரி. ஆல்-ஸ்டார் ஆட்டம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, 18ஆம் திகதி, டொராண்டோவில் இருக்கிற ஒருவனுக்கு ஓஃபர் அனுப்பினேன். ட்ரே யங், ஜாரெட் அலன் இரண்டு பேரையும் தருகிறேன், வெம்பன்யாமாவைத் தா. ப்ளாக்கில், அதாவது எதிராளி எறிகிற பந்தைத் தடுக்கிற கணக்கில், நான் வாராவாரம் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். வெம்பன்யாமா அந்த சீசனில் ஆட்டத்துக்கு 3.8 ப்ளாக், அதோடு 3.1 த்ரீ (மூன்று புள்ளி எறிதல்), இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது வேறு எங்கே? ட்ரே யங் அசிஸ்ட் அள்ளிக் கொட்டுவார், ஆனால் டர்ன்ஓவரும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) கொட்டும், எறிந்ததில் எத்தனை விழுந்தது என்கிற ஃபீல்ட் கோல் வீதத்தையும் இழுத்து விழுத்துவார். அவன் "யோசிக்கிறேன் மச்சான்" என்று போட்டான். நான் ஓஃபரை அப்படியே விட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

வியாழன் இரவு பத்து மணிக்கே படுத்துவிட்டேன். அங்கே அப்போது பட்டப்பகல். விடிய எழும்பி போனைப் பார்த்தால் இரண்டு செய்தி. மேலே இருந்ததை, அதாவது பிந்தி வந்ததை, முதலில் வாசித்தேன்: ட்ரேட் ஏற்கப்பட்டது. சந்தோஷத்தில் மனைவியை எழுப்பி, வெம்பன்யாமா கிடைத்துவிட்டான் என்று சொன்னேன், அவள் யாரென்றே கேட்காமல் திரும்பிப் படுத்துவிட்டாள். பிறகுதான் கீழே இருந்ததை வாசித்தேன். வெம்பன்யாமாவுக்கு வலது தோளில் இரத்தக் கட்டி, சீசன் முடிந்தது என்று அவனுடைய அணியான ஸ்பர்ஸ் அறிவித்திருந்தார்கள்.

உடனே கோல் எடுத்தேன். "ஓஃபர் உன்னுடையதுதானே மச்சான்" என்றான். ஒரு வசனம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்கள் விதிப்படி இரண்டு நாளுக்குள் நாலு பேர் எதிர்த்து வோட் போட்டால் ட்ரேட் விழுந்துவிடும். மூன்று விழுந்தது. நாலாவதுக்காக கொழும்பில் இருக்கிற ஒவ்வொருவனிடமும் கதைத்தேன். ஒருவன் "சட்டப்படி பிழையில்லையே" என்று நீதவான் மாதிரிச் சொன்னான். அட்டவணையைப் பார்த்தால் அடுத்த வாரம் அவனுக்கும் எனக்கும்தான் ஆட்டம். இதைத்தான் சொல்ல வந்தேன். வோட் போடுகிறவன் ட்ரேட்டை நிறுப்பதில்லை, தன் அட்டவணையைத்தான் நிறுக்கிறான்.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பெரிய உத்தமன் மாதிரி இருக்கும். அதே சீசன் நவம்பரில், மேற்குக் கரை ஆட்டம் ஒன்று. எங்களுக்குக் காலை ஒன்பது மணி, லண்டனில் விடிகாலை மூன்றரை. பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன், என் பிளேயர் ஒருவன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறான். முதல் நாள் இரவு லண்டன்காரன் அவனைக் கேட்டு அனுப்பிய ஓஃபர் என் போனில் கிடந்தது. வாயில் பாணோடு, ஏற்கிறேன் என்று அமத்திவிட்டேன். அன்றைக்கு அதை நான் உழைப்பு என்று நினைத்தேன். விடிய எழும்பிப் பார்க்கிறவனுக்குக் கிடைக்கிற கூலி என்று.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். சட்டப் புத்தகம் வேண்டாம், நடந்தது போதும்.

தெகிவளைச் சந்தி:

ஓஃபரை மூன்று நாள் திறந்து வைத்துவிட்டு நித்திரை கொண்டது நீங்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கள்ளனைப் பேசி என்ன?

வெள்ளவத்தைக்காரன்:

கதவு திறந்திருந்தாலும் கள்ளன் கள்ளன்தான் அண்ணை. ஆனால் சரி, பாதிப் பிழை என்னுடையது.

லூக்கா வாங்கியவன்:

என் கதை மறுபக்கம். 2024 கிறிஸ்மஸ் ஆட்டத்தில் டாலஸ் அணியின் நட்சத்திரம் லூக்கா டொன்சிச்சுக்குக் கெண்டைக்காலில் அடி. ஜனவரி முழுக்க ஆள் இல்லை. எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்தவர் பொயின்ட்ஸ் டேபிளில் பத்தாவது இடம், ஒவ்வொரு வாரமும் தோல்வி, பொறுமை போய்விட்டது. எனக்கு மேலே போகிற கவலை இல்லை, நான் இரண்டாமிடம், ஒரு மாதம் ஆளில்லாமல் சமாளிக்கலாம். என்னிடம் இருந்த நல்ல பிளேயர்கள் இரண்டு பேரைக் கொடுத்து எடுத்தேன். உடனே குரூப்பில் சண்டை. "கொள்ளை", "பாவம் அந்த மனுசன்", "லீக்கை நடத்துகிற கொமிஷனர் எங்கே". ஒருவர் இனி லீக்கில் இல்லை என்று குரூப்பை விட்டே போனார், இரவு திரும்பி வந்தார்.

என்னைக் கேட்டால் அது நல்ல ட்ரேட். இரண்டு பேருக்கும்தான். பத்தாமிடத்தில் இருப்பவனுக்கு மார்ச்சில் திரும்பி வரும் ராஜாவை விட இந்த வாரம் ஆடுகிற இரண்டு சிப்பாய் பெறுமதி. பெயரை மட்டும் பார்த்து அளக்கிறவர்களுக்கு இது விளங்காது.

அப்புறம் பெப்ரவரி 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பிளேன்டீயோடு போனைத் திறந்தால் நிஜ NBAயிலேயே டாலஸ் லூக்காவை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது! பதிலுக்கு அந்தோனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இல் புது வீரர் ஒருவரை முதல் சுற்றில் தெரிவு செய்யும் உரிமை ஒன்று. யாரோ செய்தியாளருடைய கணக்கை ஹேக் பண்ணிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். எங்கள் லீக்கில் யாராவது இப்படியொரு ட்ரேட் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வீட்டோ (எதிர்ப்பு வோட்) விழுந்திருக்கும், போட்ட ஆளைக் குரூப்பிலிருந்தும் தூக்கியிருப்பார்கள். டேவிஸ் டாலஸுக்கு முதல் ஆட்டத்தில் 26 புள்ளி, 16 ரீபவுண்ட் எடுத்தார், அதே ஆட்டத்திலேயே அடிபட்டு வெளியே போனார். என்னைக் கொள்ளைக்காரன் என்று சொன்னவர்தான் டேவிஸை வைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டிக்கர் மட்டும் போட்டேன்.

வீட்டுக்காரி:

நானும் கணவரும் ஒரே லீக். நாங்கள் இரண்டு பேரும் எதை மாற்றினாலும் களவு என்பார்கள். ஒருமுறை என்னுடைய சபோனிஸுக்கு அவருடைய மேக்ஸி. எனக்கு ரீபவுண்ட் தேவைக்கு மேல், த்ரீ இல்லை. அவருக்கு நேர்மாறு. இதைவிட நேர்மையான ட்ரேட் அந்த சீசனில் நடக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். இரவு பதினொரு மணிவரை குசினி மேசையில் இருந்து பேரம் பேசினோம், பிள்ளைகள் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்துக் கதவைத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் அவர் இறங்கி வரவில்லை, ஒரு மாதம் பாத்திரம் கழுவுகிறேன் என்றதும் நான் சம்மதித்தேன்.

பிழை எங்கே நடந்தது என்றால், அதை அவர் பகிடியாகக் குரூப்பில் எழுதிவிட்டார். வீட்டு வேலை ட்ரேட்டில் சேராது என்று கொமிஷனர் ரத்துப் பண்ணினார். பாத்திரம் இல்லாமல் திரும்பவும் போட்டோம், அதற்கு ஐந்து வீட்டோ. கணவன் மனைவி என்பதைத் தவிர ஒருவரும் காரணம் சொல்லவில்லை. மச்சானும் மச்சானும் வருடம் முழுக்கத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை!

பத்து வருடக் கொமிஷனர்:

நான் வேறு லீக். எனக்கு வருகிற முறைப்பாட்டில் அரைவாசி "மூன்று பேர் தந்தேன், ஒருவன்தான் தந்தான்" வகை. தம்பிமாரே, மூன்று கிலோ சூடை கொடுத்து ஒரு கிலோ அறக்குளா கேட்டால் மீன்காரன் சிரிப்பான். மூன்று பேரை வாங்குகிறவன் தன்னிடம் இருக்கிற இரண்டு பேரை வெளியே விட வேண்டும், அந்த இரண்டு இடத்துக்கும் விலை உண்டு. எண்ணிக்கையைப் பார்த்து யார் முறையிட்டாலும் நான் வாசிப்பதோடு சரி.

இன்னொரு வகை, நட்சத்திர வீரர் கியானிஸைப் பற்றியது. 2024-25இல் ஆட்டத்துக்கு 30.4 புள்ளி, ஃப்ரீ த்ரோ (எதிரணி பிழை விட்டால் கிடைக்கும் எறிதல்) 61.7 வீதம். வாரத்துக்கு நாலு ஆட்டம் ஆடினால் நாற்பதுக்கு மேல் எறிவார், அதில் பதினைந்து பதினாறு வெளியே போகும். மற்ற எல்லாரும் ஒழுங்காகப் போட்டாலும் அந்தக் கேட்டகரி அம்போ. ஆகவே ஃப்ரீ த்ரோவில் உயிரை வைத்திருக்கிற ஒருவர் அவரைக் "குறைந்த" விலைக்குக் கொடுத்தால் அது மோசடி இல்லை. அந்தக் கேட்டகரியை ஏற்கெனவே கைவிட்டவருக்கு அவர் தங்கம். யாருடைய அணிக்கு எது என்று பார்க்காமல் ட்ரேட்டை நிறுக்க முடியாது.

வெள்ளவத்தைக்காரருடைய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லீக்கில் வோட் இல்லை, மூன்று சீசனுக்கு முன்னமே எடுத்துவிட்டேன். இரண்டே விதி. ஓஃபர் ஒரு நாளைக்கு மேல் உயிரோடு இருக்காது. காயச் செய்தி வந்த நேரத்தையும் ட்ரேட்டை ஏற்ற நேரத்தையும் பார்ப்பேன், செய்திக்குப் பிறகு ஏற்றிருந்தால், ஓஃபர் அனுப்பியவர் அன்றைக்கே கேட்டால், திருப்பிவிடுவேன். செய்திக்கு முன் ஏற்றிருந்தால் அது உங்கள் தலைவிதி, எனக்குக் கோல் எடுக்க வேண்டாம். இதிலும் ஓட்டை இருக்கிறது. உங்களுடைய நவம்பர் பாண் கதையில் செய்தியே வரவில்லை, நீங்கள் கண்ணால் கண்டீர்கள், லண்டன்காரர் நித்திரை. என் விதிப்படி நீங்கள் தப்பிவிடுவீர்கள். அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

தெகிவளைச் சந்தி:

அப்போ பாணுக்கும் நேரம் குறிக்க வேண்டும்.

வெள்ளவத்தைக்காரன்:

கொமிஷனர் அண்ணையின் ஒரு நாள் விதியை எங்கள் குரூப்பில் போட்டேன், டொராண்டோக்காரன்தான் முதலாவதாக ஆதரித்தான். முகத்தில் வெட்கம் இருந்ததா என்று தெரியவில்லை, வீடியோ கோல் இல்லை.

வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. லண்டன்காரன் இதை வாசித்துவிட்டான். அந்த நவம்பர் ட்ரேட்டை அவன் இத்தனை காலமும் தன்னுடைய துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தானாம். ஓகஸ்டில் கொழும்புக்கு வருகிறான், மூன்று கொத்து கேட்கிறான், சீஸ் போட்டது. இரண்டுக்கு இறக்கலாமா என்று பார்க்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அங்கே இப்போது விடிகாலை நாலு மணி.