கொலராடோ மலைக் கவுன்டிகளில் சீசன் வேலை: முதலில் படுக்க இடம், பிறகு சம்பளம்

தொடக்கப் பதிவு:
அமெரிக்காவின் கொலராடோவில் பனிச்சறுக்கு மலைகள் உள்ள சம்மிட், ஈகிள், பிட்கின் கவுன்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பக்கம் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது மணிக்கு எத்தனை டாலர் என்பதைத்தான். அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை, படுக்க இடத்துக்குத்தான் பஞ்சம். 2020 கணக்கெடுப்பின்படி சம்மிட்டின் மக்கள்தொகை சுமார் 31,000. ஆனால் அங்குள்ள வீடுகளில் பாதிக்கு மேல் விடுமுறைக்கு மட்டும் திறக்கிறவை. மிச்சமிருப்பதற்குத்தான் பனிச்சறுக்கு லிஃப்ட் ஓட்டுகிறவர், சமையல்காரர், ஆசிரியர், நர்ஸ் எல்லோரும் போட்டி போடுகிறார்கள். உள்ளே இருந்து பார்த்தவர்கள் நடைமுறையை எழுதுங்கள்.

விடுதி நிர்வாகத்தில் இருப்பவர்:
நிறுவனம் தரும் அறை வேலையோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் அறையையும் காலி செய்ய வேண்டும், எத்தனை நாளில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அதைவிட முக்கியமாக, வேலை நேரம் குறைந்தாலும் முழு வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேளுங்கள். பனி சரியாக விழாத டிசம்பர் தொடக்கத்தில் சில சரிவுகள்தான் திறந்திருக்கும். ஷிஃப்ட் குறையும், வாடகை குறையாது. கிறிஸ்துமஸ் கூட்டம் கலைந்த ஜனவரியிலும் இதே கதைதான். மார்ச்சில் மறுபடி ஆள் போதாது. பெரும்பாலான மலைகளில் ஏப்ரலில் லிஃப்ட் நின்றதும் 'மட் சீசன்', அதாவது பனி உருகிச் சேறாகிக் கூட்டமில்லாமல் கிடக்கும் இடைக்காலம். பல உணவகங்கள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அதனால் வாரச் சம்பளத்தை 52-ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்று நம்பாதீர்கள்.

இன்னொன்று. சம்மிட்டிலுள்ள பிரெக்கன்ரிட்ஜ் நகரம் சுமார் 9,600 அடி உயரத்தில் இருக்கிறது. தாழ்வான ஊரிலிருந்து வந்தவரை இறங்கிய மறுநாளே பத்து மணி நேரம் அறை சுத்தம் செய்ய விட்டால் தலைவலி, தூக்கமின்மை, வாந்தி என்று படுத்துவிடுவார். முதல் இரண்டு மூன்று நாள் லேசான வேலை கொடுங்கள். இதைச் செய்யாத மேலாளர்தான் முதல் வாரத்திலேயே ஆளை இழக்கிறார்.

சம்பளக் கணக்கு பார்ப்பவர்:
ஜே-1 விசாவில், கோடை வேலைப் பயணத் திட்டத்தில் வருகிற வெளிநாட்டு மாணவர், தன் நாட்டுக் கல்லூரி விடுமுறையில் நான்கு மாதம் வரை வேலை செய்யலாம். பனிக்காலத்தில் பெரு, அர்ஜென்டினா மாணவர்கள் நிறைய வருவது அதனால்தான், அங்கே அப்போதுதான் கோடை விடுமுறை. வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் வரை இவர்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம், அதாவது 7.65 சதவீதம், கிடையாது. சம்பள மென்பொருளில் இந்த விலக்கைக் குறிக்க மறந்துவிடுவார்கள், முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள். தவறாகப் பிடித்திருந்தால் முதலில் முதலாளியிடம் திரும்பக் கேட்க வேண்டும். அவர் தராவிட்டால்தான் வரித்துறைக்குப் படிவம் 843-ஐயும் 8316-ஐயும் சேர்த்து அனுப்புவது.

எச்-2பி, அதாவது விவசாயமல்லாத தற்காலிக வேலைக்கான விசா, வேறு கணக்கு. ஆண்டு வரம்பு 66,000 பேர்; அதில் பாதி அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அரையாண்டுக்கு. விதிப்படி இதில் முதலாளி சொன்ன மொத்த மணி நேரத்தில் முக்கால் பங்கையாவது ஒவ்வொரு 12 வாரத்திலும் தந்தாக வேண்டும் (120 நாளுக்குக் குறைந்த வேலையென்றால் 6 வாரம்).  பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியவில்லை, கோபமாக வருகிறது.

லெட்வில்லிலிருந்து:
வாடகை தாங்காதவர்கள் பக்கத்து லேக் கவுன்டியில், லெட்வில்லில் தங்குகிறார்கள். சம்மிட் போக 11,318 அடி ஃப்ரீமான்ட் கணவாய், ஈகிள் போக டென்னசி கணவாய். வாடகையில் மிச்சமானதைப் பெட்ரோலும் பனி டயரும் தின்னும். ஐ-70 நெடுஞ்சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் நடுவே செப்டம்பர் முதல் மே வரை டயர் பள்ளம் 3/16 அங்குலமாவது இருக்க வேண்டும். சாலை மூடினால் அன்றைய கூலி போச்சு. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் பேருந்து உண்டா என்று பார்த்துவிட்டு வீடு பிடியுங்கள். கடைசிப் பேருந்து போன பிறகு அடுப்படியைக் கழுவிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொடக்கப் பதிவு எழுதியவர்:
நிரந்தரமாகத் தங்க நினைப்பவர்களுக்கு வழி உண்டா?

வீட்டுத் திட்டம் தெரிந்தவர்:
உண்டு. பத்திரத்திலேயே 'இங்கே உழைப்பவர்தான் குடியிருக்கலாம்' என்று எழுதிய வீடுகள். ஈகிள் கவுன்டியிலுள்ள வேல் (Vail) நகரம் 2017 முதல் இந்தக் கட்டுப்பாட்டை வீட்டுக்காரர்களிடமே காசு கொடுத்து வாங்குகிறது. குடியிருப்பவர் ஈகிள் கவுன்டியில் வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். பிட்கினில் இதே மாதிரி வீடுகளை நிர்வகிக்கும் ஆஸ்பென்-பிட்கின் வீட்டு ஆணையத்தில் ஆண்டுக்கு 1,500 மணி நேரம்.

சராசரி என்பதால் மட் சீசன் இடைவெளி உங்களைக் கவிழ்க்காது. ஆனால் மணி நேரத்தை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். சம்பளச் சீட்டையும் வரிப் படிவத்தையும் எடுத்து வையுங்கள். சொந்தமாகத் துப்புரவுத் தொழில் செய்கிறவர்கள் ரசீதுப் புத்தகம் இல்லாமல் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வாங்குவதானால், மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். வேலில் அந்த வரம்பு இல்லை, ஆஸ்பெனில் பல வீடுகளுக்கு உண்டு. வரம்புள்ள வீடு கோடீஸ்வரர்களின் வீடுகளோடு ஒரே கட்டடத்தில் இருந்தால், கூரை மாற்றும் செலவில் உங்கள் பங்கும் வரும். விற்கும்போது அதை முழுசாக மீட்க முடியாமல் போகலாம். கட்டடச் சங்கத்தின் சேமிப்பு நிதி எவ்வளவு இருக்கிறது, அடுத்த பெரிய பழுது எப்போது என்று எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள்.