குடியை நிறுத்திய அண்ணன்: கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். 12 வருடமாகத் தினமும் குடித்த என் அண்ணன், போன மாதம் "இனித் தொடமாட்டேன்" என்று ஒரே நாளில் நிறுத்தினார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் கை நடுக்கம், வியர்வை. இரவில் வலிப்பே வந்துவிட்டது. பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், பிறகு மனக்குழப்பமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். நல்லதுதானே நடக்கிறது என்று வீட்டிலேயே வைத்திருந்தோம், என்னத்தைச் சொல்ல!

தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் மாத்திரையும் கொடுத்துத் தேற்றினார்கள். இப்போது 3 வாரமாகக் குடிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறார், எரிந்து விழுகிறார். தூக்கமும் இல்லை.

உறவினர் ஒருவர், அண்ணனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் டைசல்ஃபிராம் (மது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) கலக்கச் சொல்கிறார். விஷயம் தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து விபரீதமாகிவிடும். அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

இதைக் கடந்து வந்தவர்கள் அந்த மாலை நேரத்தை எப்படித் தள்ளினீர்கள்? குடிக்கும் ஏக்கம் குறைய நால்ட்ரெக்சோன் எடுத்தவர்கள் உண்டா? அப்புறம், பழைய கூட்டாளிகள் போன் செய்தால் நாங்கள் தலையிடலாமா? அண்ணி தலையிடலாம் என்கிறார், எனக்குத் தயக்கமாக இருக்கிறது.