கேஜைப் பார்க்க வேண்டியவன் யார்?

லயத்துக்காரன்:
நேத்து ஸ்கூபா டைவிங் பத்தி ஆழ்கடல் ராஜா அண்ணன் இங்கே ஒரு வரி போட்டார்: "அட்வான்ஸ்ட் கார்டு வச்சிருக்கறவன் சின்னப் புள்ளை இல்ல. கேஜைப் பார்க்காதது அவன் தப்பு, டைவ் மாஸ்டர் என்ன செய்வான்?" கேஜ்னா டேங்க்ல காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டற முள்ளு, டைவ் மாஸ்டர்னா கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறவர். படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. அந்த "அவன்" நம்ம குளுவாங் பையன். போன மாசம் தியோமான் தீவுல அதே படகுல நானும் இருந்தேன். 30 மீட்டர்லேர்ந்து மேல வந்தப்போ அவன் கேஜ் முள்ளு 20 பார்ல (பார்ங்கறது காத்தழுத்த அளவு), சிவப்புக்குள்ள கிடந்துச்சு. முகமூடிக்குள்ள மூக்கு ரத்தம். கால்ல மாட்டற துடுப்பு (ஃபின்) வாரைக் கழட்ட விரல் மடங்கல, நான்தான் கழட்டி விட்டேன். உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும், அதுவும் நிக்கல. அதுவரைக்கும் அவன் கடல்ல இறங்கினது மொத்தமே 11 தடவை. அவனை அங்கே இறக்கினவங்களுக்குப் பொறுப்பே இல்லையா?

ஆழ்கடல் ராஜா:
அந்த வரியை மறுபடியும் போடறேன் தம்பி. 400 தடவைக்கு மேல இறங்கினவன் பேசறேன். 11 லிட்டர் டேங்க், 200 பார்: 2200 லிட்டர் காத்து. 50 பார் மிச்சம் வச்சா செலவுக்கு 1650. தண்ணிக்கு மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கறவன், 30 மீட்டர்ல அழுத்தம் நாலு மடங்குங்கறதால 80 இழுப்பான். ஆக 20 நிமிஷம். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்புக் கணக்கு. கேஜ் அவன் இடுப்புலதான் தொங்குச்சு, டைவ் மாஸ்டர் இடுப்புல இல்ல. பொறுப்பு என்னுதுன்னு படிவத்துல கையெழுத்தும் போட்டிருக்கான்.

லயத்துக்காரன்:
உங்க கணக்கு நிதானமா மூச்சு விடறவனுக்கு. பயந்து போய் 30 லிட்டர் இழுக்கறவனுக்கு அங்கே 120 ஆகும், 14 நிமிஷம்கூடத் தாங்காது. அதோட அந்த ஆழத்துல நைட்ரஜன் போதை வேற, புத்தி மந்தமாயிடும். "மூணு தடவை பார்த்தேண்ணே, முள்ளு தெரிஞ்சுது, அதுக்கு என்ன அர்த்தம்னுதான் புரியல"ன்னான். டைவ் மாஸ்டர் அவன்கிட்ட காத்து எவ்வளவுன்னு கேட்டது ஒரே ஒரு தடவை.

ஆழ்கடல் ராஜா:
பார்த்தேன்னு அவனே ஒத்துக்கிட்டானே! அப்புறம் என்ன? கேஜைப் பார்த்தான், மேல வரல. தப்பு யாருது?

புதுசா வந்தவன்:
ஒரு சந்தேகம். அட்வான்ஸ்ட்னா என்ன? என் கூட்டாளி ரெண்டு மூணு நாள்ல 5 தடவை இறங்கி கார்டு வாங்கிட்டான். அதுல ஆழமா போனது ஒரே தடவை. 18 மீட்டர் வரைக்கும் இறங்கற கார்டு 30 மீட்டர் கார்டா மாற அதுவே போதுமா?

ஆழ்கடல் ராஜா:
அதெல்லாம் அப்புறம் பேசலாம். இப்போ பேச்சு கேஜைப் பத்தி.

மண்டோர் மகள்:
தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இது புரியாதா? செம்பனைக் குலை வெட்டறவன் கையில அலுமினியக் கோல். மேல கரண்டுக் கம்பி போகுதான்னு அண்ணாந்து பார்க்கறது வெட்டறவன் வேலைதான். ஆனா புது ஆளைக் கம்பி போற மர நிரையில விட்டது மண்டோர், வேலையை மேற்பார்க்கற கங்காணி. எங்கப்பா புது ஆளுக்கு ஒருநாளும் அந்த நிரையைக் கொடுத்ததில்ல. கோல் உன் கையிலதானே இருந்துச்சுன்னு பொணத்துக்கிட்ட போய்க் கேட்பீங்களா?

ஆழ்கடல் ராஜா:
செம்பனையும் கடலும் ஒண்ணா தங்கச்சி? உங்கப்பா பேரை நீங்களே எடுத்ததால சொல்றேன். மழை பெஞ்ச நாள்ல எங்க அம்மாவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும் போட்டவர் அவர். பொறுப்பைப் பத்தி அந்த வீட்டுலேர்ந்து நான் படிக்க வேண்டியதில்ல.

மண்டோர் மகள்:
அரைப் பேர் போடச் சொன்னது ஆபீஸ்! எங்கப்பா செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. அவரை ஏன் இழுக்கறீங்க? மன்னிப்புக் கேளுங்க.

லயத்துக்காரன்:
பேச்சை மாத்தாதீங்க ரெண்டு பேரும். 2022 ஏப்ரல்ல, தியோமானுக்குப் படகு ஏறற மெர்சிங் பக்கம், தோக்கோங் சாங்கோல் தீவுக்கிட்ட நாலு பேர் பயிற்சிக்கு இறங்கி மேல வந்தப்போ படகு பக்கத்துல இல்ல. நாள் கணக்கா மிதந்தாங்க. மூணு பேர் பிழைச்சாங்க, 14 வயசுப் பையன் போயிட்டான். அவனும் கேஜைப் பார்க்கலையா அண்ணே?

ஆழ்கடல் ராஜா:
அது படகுப் பிரச்சினை, அதைக் கொண்டாந்து இங்கே ஒட்டாதீங்க. நம்ம பையனுக்கு நடந்தது கேஜ் பிரச்சினை. நான் பழகின காலத்துல எங்க வாத்தியார் கேஜைப் பார்க்காதவனைப் படகுலயே உட்கார வச்சுடுவார். இன்னைக்கு கேமரா வாங்கத் தெரியுது, முள்ளைப் படிக்கத் தெரியல. என் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

லயத்துக்காரன்:
உங்க வாத்தியார் உட்கார வச்சார் இல்ல? நான் கேக்கறதும் அந்த ஒரு ஆளைத்தான்! அன்னைக்கு எங்க படகுல அப்படி உட்கார வைக்க ஆள் இல்ல. பெண்ட்ஸ், அதாவது வேகமா மேல வந்து உடம்புல நைட்ரஜன் குமிழி கட்டற நோய், வந்திருந்தா என்ன கதி? அதுக்கு வைத்தியம் பண்ற அழுத்த அறை லுமுட் கடற்படைத் தளத்து ஆஸ்பத்திரியில. மெர்சிங் கிழக்குக் கரை, லுமுட் மேற்குக் கரை. பையனோட அம்மாவுக்கு நான்தான் போன் பண்ண வேண்டி வந்திருக்கும்.

புதுசா வந்தவன்:
என் கேள்வி அப்படியே நிக்குது. 5 தடவை போதுமா?

ஆழ்கடல் ராஜா:
வாத்தியார் பேச்சைத் திரிக்காதீங்க. அவர் உட்கார வச்சது கேஜைப் பார்க்காதவனை.

மண்டோர் மகள்:
மன்னிப்பு எங்கே?

ஆழ்கடல் ராஜா:
எங்க அம்மாவுக்குப் போன அரை நாள் சம்பளம் எங்கே? கேஜ் கேள்விக்குப் பதில் வந்ததும் கூப்பிடுங்க.