ஆயா வீட்டு குரூப்: தாத்தா வாட்ச்

*சனி, காலை 10:40*

ரேவதி: பீரோ ஒழிக்கறப்போ தாத்தாவோட ஒமேகா கெடைச்சுது! பல்பொடி டப்பாக்குள்ள இருந்துது

ரேவதி: 📷 படம்

ரேவதி: ஆட்டுனா ஓடுது. நாப்பது வருஷமா யாரும் தொடாதது

சேகர் சித்தப்பா: நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்போ வாங்குனாரு, 64ல. ஹார்பர்ல கிரேன் ஓட்டிக்கினு இருந்தாரு. கப்பல்காரன் ஒருத்தன் கிட்ட புத்தம் புதுசா வாங்குனது. ரெண்டு மாச சம்பளம் போச்சுன்னு ஆயா சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு

விமலா அத்தை: டயலெல்லாம் பழுப்பா ஆயிடுச்சே. வெள்ளையா பெயிண்ட் அடிச்சி வாங்கிடலாம். பிரதீப்பு கல்யாணத்துக்குக் கட்டிப்பான்

கார்த்தி: அத்தை வேணாம்!!!

கார்த்தி: அக்கா நீயும் ஆட்டாத. உள்ள எண்ணெய் காஞ்சிருக்கும், ஓட ஓட உள்ள இருக்கற சக்கரமெல்லாம் தேயும்

பிரதீப்: டேய் ஆன்லைன்ல இதே ஒமேகா நீலக் கலர்ல பளபளன்னு 22 ஆயிரம் போட்ருக்கான். நம்மது ஏன் அழுதுவடியணும்

கார்த்தி: அந்தப் பளபளப்புலதான் நான் 14 ஆயிரம் விட்டேன். டயல்ல 6க்குக் கீழ ஸ்விஸ் மேட்னு எழுதியிருக்கணும், அது இல்ல. ஆட்டோமேட்டிக்னு எழுதுனது சாய்ஞ்சிருந்துது. பழைய டயலை சுரண்டிட்டு பெயிண்ட் அடிச்சு விக்கறது. வெளிநாட்டுல இதுக்கு பேரே மும்பை ஸ்பெஷல். வாட்ச் சேக்கறவன் எவனும் தொட மாட்டான்

கார்த்தி: இன்னொண்ணு. தாத்தா டயல்ல இருக்கற அந்த பச்சைப் புள்ளி அனேகமா ரேடியம், இருட்டுல மின்ன பூசுவாங்க, கதிர்வீச்சு இருக்கு. மின்னறதுதான் நின்னு போச்சு, ரேடியம் அப்படியே இருக்கு. பாதி குறையவே 1,600 வருஷம் ஆவும். சுரண்டுனா அந்தத் தூளு மூக்குல போவும்

விமலா அத்தை: ஐயோ அத ஏன்டா பல்பொடி டப்பால வெச்சாரு

*ஞாயிறு, மாலை 6:15*

சேகர் சித்தப்பா: மண்ணடில தெரிஞ்ச பாய் கிட்ட பின்மூடி தொறந்து பாத்தேன்

சேகர் சித்தப்பா: 📷 படம்

சேகர் சித்தப்பா: உள்ள மிஷின் செம்பு கலர்ல மின்னுது. 354னு போட்டுகீது. சீரியல் நம்பர் 13ல ஆரம்பிக்குது, எட்டு இலக்கம். ஆனா சில ஒமேகா மூடில வர்ற கடல்குதிரை படம் இதுல இல்லியே, டூப்பா?

கார்த்தி: ஒரிஜினல் சித்தப்பா!! கடல்குதிரையெல்லாம் 1950கள் கடைசிலதான் வந்துது. 13ன்னா 1952 வாக்குல செஞ்சது

சேகர் சித்தப்பா: 52ஆ? அப்போ 64ல புதுசுன்னு சொல்லி நைனா தலைல கட்டிட்டானா!!

ரேவதி: 😂😂 ஆயா இருந்திருந்தா இன்னொரு முப்பது வருஷம் சொல்லிருக்கும்

கார்த்தி: 354ன்னா பம்பர்ங்கற வகை மிஷின். ஆட்டோமேட்டிக்னா கை ஆடறதுலயே உள்ள ஒரு எடை அசைஞ்சு சாவி ஏறும். இப்போ வர்றதுல அந்த எடை முழுசா சுத்தும். இதுல சுத்தாது, போயி ரெண்டு பக்கமும் ஒரு ஸ்பிரிங்ல முட்டிட்டு திரும்பி வரும். ஒமேகா 1943ல இத ஆரம்பிச்சாங்க, 55ல முழுசா சுத்தறது வந்ததும் மெதுவா நிறுத்திட்டாங்க. கையில கட்டுனா முட்டறது தெரியும்

சேகர் சித்தப்பா: தெரியும்டா. அடிக்கக் கை ஓங்கும்போது உள்ள டொக்குன்னு ஒரு சத்தம். அத கேட்டாலே நானும் உங்கப்பாவும் தெருமுனைக்கு ஓடிடுவோம். கையில வேற என்னமோ வெச்சிருக்காருன்னு நெனச்சோம்

பிரதீப்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி: என்ன போட்டு அழிச்ச? நான் பாத்துட்டேன், எவ்ளோக்கு போவும்னுதான கேட்ட

விமலா அத்தை: விக்கற பேச்சே வேணாம். சரி பெயிண்ட்டும் வேணாம். பட்டையாவது மாத்தலாமா? இன்னும் கிரீஸ் வாசனை வருது

கார்த்தி: பட்டை மாத்தலாம் அத்தை, அது ஒண்ணும் ஆவாது. சர்வீஸ் பண்றவர் கிட்ட பாலிஷ் மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க, கேஸ் ஓரமெல்லாம் தேஞ்சிடும்

சேகர் சித்தப்பா: பழைய பட்டைய தூக்கிப் போட்ராதீங்க. எனக்கு வேணும்