கிளைச் சங்க விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்

மூடுபனி:
வணக்கம். எங்கள் மருத்துவர் சங்கக் கிளையைத் தேசிய அமைப்புடன் இணைக்கக் கேட்டு எழுதினோம். "இது எமது பணிக்கு உட்பட்டதல்ல" என்ற ஒற்றை வரியுடன் கடிதம் திரும்பி வந்துவிட்டது. அடுத்த மாதம் கூட்டம். கொழும்பிலிருந்து விரிவுரையாளர் ஒருவர் வர வேண்டும். யாப்பின் எந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுவது? இரவுக் கடமையில் இருக்கிறேன், காலையில் வந்து பார்க்கிறேன்.

கம்பளை வீதி:
எந்த அமைப்பு? எந்த மாவட்டம்? எத்தனை பேர்? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லையே.

ஊவாக்காரன்:
கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள்? அதைச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கிளைச் செயலாளர்:
இது தொழிற்சங்க விடயம், சந்தேகமே இல்லை. அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் 1926 இலிருந்து இருக்கிறது. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை கிளை உண்டு. கிளையின் பிரதிநிதிகள் பொதுக் குழுவில் அமர்கிறார்கள். உங்கள் வைத்தியசாலையில் ஏற்கெனவே கிளை இருக்கும். அதன் செயலாளரைப் பிடியுங்கள். புதிதாக எதையும் இணைக்க வேண்டியதில்லை.

லயத்துப் பிள்ளை:
இல்லை ஐயா, முதலில் பிரதேச செயலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இலக்கம் இல்லாத சங்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வாசிகசாலைக்கு நேர்ந்தது அதுதான். பதிவு கிடைத்த பிறகே வங்கியில் கணக்குக்கூடத் திறக்க முடிந்தது.

கம்பளை வீதி:
வாசிகசாலையும் மருத்துவர் சங்கமும் ஒன்றா? விரிவுரையாளரை அழைக்க வங்கிக் கணக்கு எதற்கு?

பேராதனைப் பழையவர்:
பதில் சொல்கிற பலருக்கே அடிப்படை தெரியவில்லை என்பதால் விளக்க வேண்டியிருக்கிறது. தம்பி, மூன்று அமைப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலங்கை மருத்துவ சபை சட்டத்தால் உருவானது. மருத்துவர்களைப் பதிவு செய்வதும் ஒழுக்கம் காப்பதும் அதன் வேலை. அதற்குக் கிளையும் இல்லை, கொப்பும் இல்லை. அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் தொழிற்சங்கம். உண்மையான கிளை அமைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது சம்பளம், இடமாற்றம் போன்றவற்றுக்கானது. மூன்றாவது இலங்கை மருத்துவ சங்கம், கொழும்பு விஜேராம மாவத்தையில் இருப்பது. அறிவுக் கூட்டத்துக்கு நீங்கள் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சங்கமே ஒரு காலத்தில் கிளையாகத்தான் இருந்தது. 1887 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளையாகத் தொடங்கி, 1951 இல் தனிச் சங்கமாகி, 1972 இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஆனால் அது மாவட்டந்தோறும் கிளை வைத்து ஆளும் அமைப்பல்ல. அதில் உறுப்பினராவது தனி மருத்துவர்தான். கண்டி, காலி, யாழ்ப்பாணச் சங்கங்கள் எல்லாம் தம் காலில் நிற்பவை. கொழும்புச் சங்கம் அத்தகைய சங்கங்களோடு சேர்ந்து பிராந்தியக் கூட்டங்களை நடத்துகிறது. ஆகவே "எங்களை இணையுங்கள்" என்று எழுதாதீர்கள். "சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துவோம்" என்று எழுதுங்கள். இதை மருத்துவ பீடத்திலேயே கற்றிருக்க வேண்டும்.

ஊவாக்காரன்:
தகவலுக்கு நன்றி ஐயா. கடைசி வரி இல்லாமலும் இது நல்ல பதில்தான். எந்த மருத்துவ பீடத்திலும் சங்க யாப்பு கற்பிப்பதில்லை.

மூடுபனி:
மன்னியுங்கள், இப்போதுதான் கடமை முடிந்தது. ஹட்டன் பக்கம். மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயா வட்டாரத்தில் வேலை செய்யும் 14 மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கியது. கடிதம் போனது மருத்துவ சபைக்கு. தவறு என்னுடையதுதான். "தேசிய அமைப்பு" என்றால் அதுதான் என்று நினைத்துவிட்டேன். கூட்டத்தின் தலைப்பு தேயிலைத் தோட்டப் பெண்களின் இரத்தச்சோகை. பேராதனை ஐயா, நான் தம்பி இல்லை.

கம்பளை வீதி:
டொக்டர், கொழும்பு விரிவுரையாளர் அவிசாவளை, கினிகத்தேனை என்று வளைந்து வருவதற்குள் உங்கள் காலை அமர்வு முடிந்துவிடும். கண்டிச் சங்கத்தையும் பேராதனை மருத்துவ பீடத்தையும் கேட்டுப் பாருங்கள். நாவலப்பிட்டி வழியாக வந்துவிடலாம். கொழும்புக்கும் எழுதுங்கள், ஆனால் அதையே நம்பித் திகதி குறிக்காதீர்கள்.

லயத்துப் பிள்ளை:
தலைப்பைப் பார்த்ததும் கேட்கத் தோன்றுகிறது. தோட்ட வைத்திய உதவியாளர்களை அழைத்திருக்கிறீர்களா? கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குத் தலை சுற்றினால் அவள் முதலில் போவது டிஸ்பென்சரிக்குத்தான். என் அம்மாவுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தவரும் அங்கிருந்த உதவியாளர்தான். தேநீரோடு விழுங்காதே என்று சொன்னவரும் அவர்தான்.

பேராதனைப் பழையவர்:
மருத்துவர் சங்கக் கூட்டத்துக்குத் தகுதி என்று ஒன்று இருக்கிறது. எல்லோரையும் அழைத்தால் அது மருத்துவக் கூட்டமல்ல, ஊர்க்கூட்டம்.

கிளைச் செயலாளர்:
இதில் ஐயா சொல்வது சரி. உறுப்புரிமை பற்றிய கேள்வி எழும்.

லயத்துப் பிள்ளை:
உறுப்புரிமை யார் கேட்டார்கள்? கேட்பதற்கு ஒரு நாற்காலிதான். லயத்தில், அந்தத் தோட்ட வரிசை வீடுகளில், எந்தப் பிள்ளைக்கு எடை குறைகிறது, எந்தக் கர்ப்பிணி கிளினிக்குக்கு வரவில்லை என்று பெயர் பெயராகத் தெரிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு இரத்தச்சோகை பற்றி யாரிடம் பேசப் போகிறீர்கள்?

ஊவாக்காரன்:
நான் லயத்துப் பிள்ளையின் பக்கம். குடும்ப நல உத்தியோகத்தர்களையும், அதாவது மருத்துவிச்சிகளையும், சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கிளினிக்கைத் தள்ளிவைத்து வருவதற்கு அவர்களுக்கு மேலிட அனுமதி வேண்டும். ஆகையால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு இப்போதே ஒரு கடிதம் போடுங்கள்.

பேராதனைப் பழையவர்:
பார்வையாளர்களாக என்றால் எனக்கு மறுப்பில்லை. அழைப்பிதழில் அதைத் தெளிவாகப் போட வேண்டும். முன்னர் தம்பி என்று எழுதியதற்கு வருந்துகிறேன், டொக்டர்.

கம்பளை வீதி:
ஒரு வாரமாகிவிட்டது. மூடுபனி, என்ன ஆயிற்று?

மூடுபனி:
கொழும்புக்குக் கூட்டு அமர்வு என்றே எழுதினோம், கண்டிக்கும் எழுதினோம். கண்டியிலிருந்து ஒருவர் வர ஒப்புக்கொண்டார். திகதி இரண்டு வாரம் தள்ளிப்போனது. தோட்ட வைத்திய உதவியாளர்கள் ஆறு பேருக்கும் அழைப்பு போய்விட்டது. பார்வையாளர் என்று போடவில்லை. எல்லோருக்கும் நன்றி. வார்டில் கூப்பிடுகிறார்கள்.

லயத்துப் பிள்ளை:
மிகவும் மகிழ்ச்சி டொக்டர். விரிவுரை எந்த மொழியில்? தமிழிலும் ஒரு சுருக்கம் கொடுப்பீர்களா?

லயத்துப் பிள்ளை:
டொக்டர்?