மோட்டார் ஹோமின் வெளிப்புறம்: வெளிறிய பைபர் கூரை, கறுப்புக் கோடுகள், கடற்காற்று

வெள்ளவத்தை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்திடம் பழைய கோஸ்டர் பஸ் ஒன்றை மாற்றிக் கட்டிய மோட்டார் ஹோம் இருக்கிறது. பக்கச் சுவர்கள் பஸ்ஸின் இரும்புத் தகடுகள்தான். அவற்றின் மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். உயர்த்திய கூரையும் பின்பகுதியும் பைபரில் வார்க்கப்பட்டவை. யன்னல்கள் கண்ணாடி அல்ல, இரட்டைத் தகடு அக்ரிலிக். காலி வீதிக்குக் கடற்புறமாக உள்ள ஒழுங்கையில், ஒரு மாமரத்தையும் பலாமரத்தையும் ஒட்டி, கூரையில்லாத இடத்தில் நிறுத்துகிறோம்.

இப்போது பின்பகுதியைக் கையால் தடவினால் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. கூரையின் ஓரத்திலிருந்து பக்கச் சுவர்களில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கின்றன. கழுவினால் ஒரு மழைக்குள் அவை திரும்பவும் வந்துவிடுகின்றன. காக எச்சமும் பலாப்பாலும் அங்கங்கே காய்ந்து கிடக்கின்றன. ஒருவர் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்கச் சொல்கிறார். இன்னொருவர் சலவைத் தூள் போதும் என்கிறார். நான் விசாரித்த ஒரு கடையில் நேரடியாகச் செரமிக் கோட்டிங் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இந்த வேலையை முடிக்க விரும்புகிறேன். எதை முதலில் செய்ய வேண்டும், எந்தப் பகுதிக்கு எதைப் பாவிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.

தெஹிவளைப் பயணி எழுதியது:

வணக்கம். உங்கள் வாகனம் வெளியிலிருந்து ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும், அதில் பெயின்ற் அடித்த இரும்பு, ஜெல்கோட் என்னும் மினுக்கமான ரெசின் மேற்பூச்சுள்ள பைபர், அக்ரிலிக், றப்பர் என்று நான்கு பொருட்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஏற்றது மற்றொன்றைக் கெடுக்கும். ஆகவே முழு வாகனத்துக்கும் ஒரே மருந்தைச் சொல்பவர்களின் ஆலோசனையை, அது எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், ஏற்காதீர்கள்.

மண்ணெண்ணெய் துடைத்தவுடன் பளபளப்பது அதன் எண்ணெய்ப் படலத்தால்தான். அந்தப் படலத்தில் காலி வீதியின் தூசியும் டீசல் புகையும் ஒட்டிக்கொள்ளும்; யன்னல் ஓரங்களிலும் கதவைச் சுற்றியும் உள்ள றப்பர் உப்பி இளகிவிடும். சலவைத் தூள் காரத்தன்மை கூடியது. அது ஏற்கெனவே பூசியிருக்கும் மெழுகை உரித்துவிடும்; கரையாத துகள்கள் அக்ரிலிக்கில் கீறல் போடும்; அலுமினியச் சட்டங்கள் மங்கும். பாசி போகக் குளோரின் கலந்த திரவம் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். பாசி போவது உண்மைதான், ஆனால் இணைப்புகளை அடைக்கும் சீலன்ட்டும் றப்பரும் அதனால் நாட்படக் காய்ந்து வெடிக்கின்றன. வாகனத்துக்கென விற்கப்படும், காரமும் அமிலமும் இல்லாத ஷாம்பூவே வழமையான கழுவலுக்குப் போதுமானது.

கறுப்புக் கோடுகள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் கூரையில் இருக்கிறது. கூரையில் தங்கும் புகைக்கரி, இலைச்சாறு, பாசி ஆகியவையும் காய்ந்த சீலன்ட்டிலிருந்து உதிரும் துகளும் மழைநீரோடு சேர்ந்து ஒரே பாதையில் வழிந்து சுவரில் காய்கின்றன. சுவரை எத்தனை முறை தேய்த்தாலும் கூரை அழுக்காக இருக்கும்வரை கோடு வரும். கூரையை முதலில் கழுவுங்கள். பைபர் கூரையின் மேல் ஏறி நிற்காமல், ஏணியில் நின்றபடி நீண்ட கைப்பிடியுள்ள மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பது பாதுகாப்பானது. ஓரத்தில் நீர் சொட்டும் இடங்களில் சிறு பிளாஸ்டிக் மூக்குகளைப் பொருத்தினால் நீர் சுவரில் படாமல் தள்ளி விழும்.

சுவர்களைக் கழுவும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் முழுப் பக்கத்தையும் வெறும் நீரால் நனைத்து உப்பையும் மணலையும் இறக்கிவிடுங்கள். பின்னர் ஷாம்பூவைக் கீழிருந்து மேலாகப் பூசி, மேலிருந்து கீழாக அலசுங்கள். மேலிருந்து பூசத் தொடங்கினால் அழுக்கோடு கலந்த ஷாம்பூ கீழே காய்ந்திருக்கும் தகட்டில் வழிந்து புதிய கோடுகளைப் போடும். இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் துணியை அலசுவதற்கான வெறும் நீர். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், ஒரு பக்கத்தை முடித்து அலசிய பின்னரே அடுத்த பக்கத்துக்குப் போங்கள். தகடு சூடாக இருக்கும்போது ஷாம்பூ கண்முன்னே காய்ந்துவிடும்.

காக எச்சத்தைச் சுரண்டாதீர்கள்; அதற்குள் மணலும் விதைகளும் இருக்கும். ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடங்கள் போட்டுவைத்தால் ஊறித் தானாக வழிந்துவிடும். பலாப்பாலுக்கு, வீட்டில் பழம் வெட்டும்போது கத்திக்குப் பூசும் அதே தேங்காயெண்ணெய்தான். சிறிது தடவி, இளகியதும் துணியால் எடுத்து, எண்ணெய் மிஞ்சாதபடி ஷாம்பூவால் கழுவிவிடுங்கள்.

அக்ரிலிக் யன்னல்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிற், தின்னர் ஆகியவற்றில் எதுவும் அவற்றில் படக்கூடாது. பட்டால் தகட்டுக்குள் முடி போன்ற நுண்வெடிப்புகள் தோன்றும். அவற்றைப் பின்னர் எந்தப் பொலிஷாலும் எடுக்க முடியாது. நிறைய நீரை ஓடவிட்டு, சுத்தமான மைக்ரோபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும். உலர்ந்த துணியால் தூசி தட்டவும் வேண்டாம்.

மட்டக்குளிப் படகுப் பட்டறை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நாங்கள் மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் வேலை செய்பவர்கள். உங்கள் கூரையும் எங்கள் படகும் ஒரே பொருள்தான்: கண்ணாடி நார், பொலியெஸ்டர் ரெசின், மேலே ஜெல்கோட். கையில் ஒட்டும் வெள்ளைத் தூள் அழுக்கல்ல. வெயிலின் கழியூதாக் கதிர்கள் ஜெல்கோட்டின் மேற்பரப்பில் உள்ள ரெசினை உடைக்க, அது பிடித்துவைத்திருந்த வெள்ளை நிறத்துகள் விடுபட்டு வெளியே நிற்கிறது. கொழும்பில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கிடையாக இருக்கும் கூரை அந்த வெயிலை முழுவதுமாக வாங்குகிறது. அதனால் பின்சுவரைவிடக் கூரை மோசமாக இருந்தால் வியப்பில்லை.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வெளிறிய இடத்தில் நீர் தெளித்துப் பாருங்கள். நனைந்தவுடன் பழைய நிறமும் மினுக்கும் திரும்பினால், மேற்பரப்பு மட்டுமே கெட்டிருக்கிறது. பொலிஷ் பண்ணி மீட்கலாம். நனைத்தும் மங்கலாக, நாரின் வலை போன்ற கோலம் தெரிந்தால் ஜெல்கோட் தேய்ந்து முடிந்துவிட்டது. அங்கே பொலிஷ் மெஷினை வைக்கவே கூடாது, புதிதாக ஜெல்கோட் அல்லது பெயின்ற் அடிக்க வேண்டும். மூலைகளும் விளிம்புகளும்தான் முதலில் இந்த நிலைக்கு வரும்.

மீட்கக்கூடியதாக இருந்தால், ஒரு சாண் சதுரத்தை ரேப் ஒட்டிப் பிரித்து, இருப்பதில் மிக மென்மையான பொலிஷைக் கையால் தேய்த்துப் பாருங்கள். அது போதுமென்றால் அதற்கு மேல் போகாதீர்கள். போதாவிட்டால் மட்டும் கம்பவுண்டுக்கு, அதாவது கரடான பொலிஷுக்குப் போங்கள். அதற்கும் மசியாத இடத்தில் 1500, பிறகு 2000 இலக்க வோட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் மண்தாள்) நீர் ஊற்றி ஊற்றித் தேய்த்து, மறுபடி கம்பவுண்டால் மினுக்கை எடுக்க வேண்டும். மெஷினை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், சூடேறினால் ஜெல்கோட் கருகி மஞ்சளாகும். ஜெல்கோட் பொதுவாக அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பாக இருக்கும். காருக்கு அடிக்கும் மேல் லேக்கர் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே பைபரில் துணிந்து செய்யும் வேலையைப் பக்கச் சுவர்ப் பெயின்றில் செய்துவிடாதீர்கள். அங்கே மெல்லிய பொலிஷை ஒருமுறை பண்ணினால் போதும். ஸ்ரிக்கர் ஒட்டிய இடங்களின் விளிம்பில் மெஷின் பட்டால் அது உரிந்துவரும். அங்கே கையால் செய்யுங்கள்.

பொலிஷ் முடிந்த அன்றே மெழுகு, அல்லது மெழுகுக்குப் பதிலாகப் பூசும் பொலிமர் சீலன்ட் (இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் அல்ல) பூசிவிட வேண்டும் என்பதை நாங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்போம். தேய்த்த ஜெல்கோட் நுண்துளைகளோடு திறந்து நிற்கிறது. அப்படியே விட்டால் உப்புக் காற்றும் வெயிலும் உடனே உள்ளே போகும். செய்த வேலை ஒரு பருவம்கூட நிற்காது. படகுகளுக்கென்று விற்கும் மெழுகில் கழியூதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளவத்தை வாசி எழுதியது:

ஐயாவுக்கும் தெஹிவளை நண்பருக்கும் மிக்க நன்றி. நீர் தெளித்துப் பார்த்தேன்: பின்பகுதி முழுவதும் நிறம் திரும்புகிறது, கூரையின் முன் விளிம்பில் மட்டும் நார் தெரிகிறது. இன்னும் இரண்டு விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். பொலிஷுக்குப் பின் செரமிக் அடிப்பது பயன் தருமா? மழைக்காலத்தில் தறப்பாள் போட்டு மூடிவைக்கலாமா? பயணம் போகாத மாதங்களில் வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஏ9 வீதிக்காரர் எழுதியது:

வணக்கம். செரமிக் என்பது சிலிக்கா அடிப்படையிலான ஒரு கடினப் படலம். நன்றாகத் தயார்செய்த மேற்பரப்பில் ஓராண்டோ அதற்கு மேலோ நிற்கும், அழுக்கு எளிதில் கழன்றுவிடும். ஆனால் அது அடியில் இருப்பதை அப்படியே பூட்டிவைக்கும். தூள் படிந்த ஜெல்கோட்டின் மேல் அடித்தால் தூளோடு சேர்ந்தே உரியும். மீண்டும் மங்கும்போது அதைத் தேய்த்து எடுப்பதும் பெரிய வேலை. கூரையில்லாத, கடற்கரையை ஒட்டிய இடத்தில் நிற்கும் உங்கள் வாகனத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே பூசக்கூடிய பொலிமர் சீலன்ட்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஏப்ரலில் ஒருமுறை, ஒக்டோபரில் ஒருமுறை பூசினால் இரண்டு பருவமழைக் காலங்களும் அடங்கிவிடும். கார்னோபா மெழுகு மினுக்கில் அழகானது, ஆனால் நம் வெயிலில் சில வாரங்களிலேயே மெலிந்துவிடும்.

தறப்பாள் போடாதீர்கள். அது காற்றுப்போக விடாது. கொழும்பின் ஈரப்பதத்தில் உள்ளே வியர்த்து, பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். காற்றில் அடித்து அடித்து, ஓரங்களில் பட்ட மணலால் பெயின்றையும் அக்ரிலிக்கையும் தேய்த்துவிடும். மூங்கிலிலோ இரும்புக் குழாயிலோ நான்கு பக்கமும் திறந்த ஒரு கொட்டகையைப் போட்டு, மேலே மட்டும் தகடு வேய்ந்தால் வெயில், எச்சம், பலாப்பால் என்று மூன்றுக்கும் ஒரே தீர்வாகும். இடமில்லையென்றால், காற்றுப் புகும் துணியால் தைத்த உறையை வாங்குங்கள். அதையும் கழுவி நன்கு உலர்ந்த வாகனத்தின் மேல் மட்டும் போடுங்கள்.

வடக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கொழும்புக் குழாய்நீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் மென்னீர். யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லின் வழியாக வருவதால் கடினமானது. அதனால் கழுவி வெயிலில் காயவிட்டால் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை விழும். அங்கே கழுவினால் உடனே துவாயால் ஒற்றி எடுங்கள். விழுந்துவிட்ட கறைக்கு, பாதிக்குப் பாதி நீர் கலந்த வினாகிரியைத் துணியில் நனைத்து ஒற்றி, உடனே அலசினால் போய்விடும்.

மினுக்கைவிட எனக்குக் கவலை தருவது இணைப்புகள்தான். இரும்புச் சுவரும் பைபர் கூரையும் சேரும் நீண்ட மூட்டு, கூரை வெண்டிலேற்றரைச் சுற்றியுள்ள சட்டம், சூரியத் தகட்டின் ஆணித் துளைகள் ஆகிய இடங்களில் சீலன்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்லதானால் றப்பர் போல அமுங்கித் திரும்பும். கெட்டது கடினமாகி, ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருக்கும். அந்த மயிரிழை இடைவெளியால் மழைநீர் உள்ளே போய், நீங்கள் அறியாமலே உட்சுவரின் பலகையை ஊறவைக்கும். பிரிந்ததன் மேல் புதியதைப் பூசாமல், பழையதைப் பிளாஸ்டிக் தகட்டால் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் பொலியூரிதேன் வகையைப் பூசுங்கள். வெயில் படும் கூரை இணைப்புக்கு என்று டியூபில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. வினாகிரி மணம் வீசும் சாதாரணக் குளியலறைச் சிலிக்கன் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அதன் மேல் பிறகு பெயின்றோ வேறு சீலன்ட்டோ ஒட்டாது. அக்ரிலிக் யன்னல்களின் சட்டத்துக்குப் பொலியூரிதேனும் வேண்டாம், பியூட்டைல் ரேப் (ஒட்டும் மென்மையான றப்பர் நாடா) பாவியுங்கள். கோஸ்டரின் மழைநீர்த் தாழ்வாரத்திலும் யன்னல்களின் கீழ் மூலைகளிலும் பெயின்ற் குமிழி விட்டிருந்தால் அடியில் துரு இருக்கிறது. அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ற் காய்ந்த பிறகே பொலிஷுக்குப் போங்கள். மெழுகு பூசிய இடத்தில் இணைப்பு சீலன்ட் பிடிக்காது என்பதால் இணைப்பு வேலையை மெழுகுக்கு முன்னரே முடித்துவிட வேண்டும்; கூரையின் முன் விளிம்பில் நார் தெரிகிற இடத்துக்கு ஜெல்கோட் அல்லது பெயின்ற் அடிப்பதையும் அப்படியே முன்னரே முடித்துவிடுங்கள்.

சீலன்ட் நன்கு காய்ந்த பின், மழைக்குக் காத்திராமல் நீங்களே சோதிக்கலாம். ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் வேகம் குறைத்த குழாய்நீரை இணைப்பின் கீழ்ப்பகுதியில் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு சிறிது சிறிதாக மேலே நகர்த்த வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே உள்ளே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. கீழிருந்து போகும்போது உள்ளே முதல் ஈரம் தெரிந்த கணத்தில் குழாய் எந்த உயரத்தில் இருந்ததோ, ஏறக்குறைய அங்கேதான் பிரிவு இருக்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்து, உலர்ந்த பின் அதை மட்டும் திறந்து மீண்டும் அடையுங்கள்.